ஒரு பட்டறைக்கு ஒரு ஸ்பான்சர்

அவனுக்கு டொக்கு என்று பேர் வைத்தவன் பவுடர். வண்டித் தகரத்தில் விழுந்த டொக்கைத் தட்டிச் சமமாக்குவது அவன் வேலை. அவனுடைய கன்னம் இரண்டும்கூட எத்தனை சாப்பிட்டாலும் உள்ளே போயேதான் கிடக்கும். இரண்டுக்கும் சேர்த்து ஒரே பேராகப் போட்டாயிற்று. பெற்றவள் ஆசையாக வைத்த பேர் பாஸ்போர்ட்டில் பத்திரமாக இருந்தது. அதைச் சொல்லிக் கூப்பிட அந்த நாட்டில் ஒரு வாய் இல்லை.

பவுடருக்குப் பேர் வைத்தவர் முதலாளி. பெயின்ட் அடிக்கும் முன் தகரத்தின் பள்ளம் தெரியாமலிருக்கப் பட்டி பூசி, காய்ந்தபின் உப்புத்தாளால் தேய்ப்பார்கள். அப்போது பறக்கிற வெள்ளைத் தூள் பவுடரின் புருவம், காது மடல், கழுத்து மடிப்பு என்று ஓரிடம் விடாமல் உட்கார்ந்திருக்கும். "என்னடா, பொண்ணு பாக்கப் போறியா? இவ்வளவு பவுடர் அப்பிக்கிட்டு நிக்கிற?" என்று முதலாளி ஒருநாள் கேட்டார். அதோடு அவன் பேர் போனது.

பட்டறை ஒரு டயர் கடைக்கும் பூட்டிக்கிடந்த கிடங்குக்கும் நடுவில் இருந்தது. முன்பக்கம் டொக்கு சுத்தியலும் கையுமாக நிற்கிற இடம். பின்பக்கம் பெயின்ட் அறை. அறை என்றால் நான்கு பக்கமும் தகரம் அடித்து, மேலே ஒரு காற்றாடி வைத்தது. அந்தக் காற்றாடி சுற்றியதைவிட முனகியது அதிகம். வேலை முடிந்தால் இருவரும் இரண்டு தெரு தள்ளி, ஒரு வீட்டின் பின்னால் கார் நிறுத்தக் கட்டிய ஷெட்டில் போய்ப் படுப்பார்கள். இரண்டு கட்டில், ஒரு அடுப்பு, ஆள் நிமிர்ந்தால் இடிக்கிற கூரை.

டொக்கு அந்த நாட்டுக்கு வந்தது படிக்க. படிப்பு என்பது சாக்கு என்று அவனுக்கும் தெரியும், சேர்த்துக்கொண்ட கல்லூரிக்கும் தெரியும், விமானத்தில் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து வந்தவனுக்கும் தெரியும். படிப்பு முடிந்ததும் கொஞ்ச காலம் வேலை பார்த்துக்கொள்ளலாம் என்று ஒரு விசா கொடுத்தார்கள். பவுடரும் அப்படி வந்தவன்தான். இருவர் விசாவும் அந்த வருஷக் கடைசியோடு தீருகிறது. அதற்குமேல் இருக்க வேண்டுமென்றால், இவன் எனக்கு வேண்டும், இவனுக்கு நான் பொறுப்பு என்று ஒரு முதலாளி சர்க்காரிடம் நிற்கவேண்டும். அதற்குப் பேர் ஸ்பான்சர். யாருக்காவது ஸ்பான்சர் கிடைத்தால், வெகுநாள் கழித்துப் பிள்ளை உண்டான வீட்டைப் பற்றிப் பேசுகிற குரலில்தான் அங்கிருந்தவர்கள் அதைப் பற்றிப் பேசினார்கள். பாதி சந்தோஷம், பாதி வயிற்றெரிச்சல்.

டொக்குக்கு அந்தப் பட்டறையில் வேலை வாங்கிக் கொடுத்ததே பவுடர்தான். வயதில் இரண்டு மூன்று வருஷம் மூத்தவன். "நல்ல கைண்ணே, தகரத்தைத் தடவிப் பாத்தே எங்க மேடு எங்க பள்ளம்னு சொல்லிடுவான்" என்று முதலாளியிடம் கூட்டிக்கொண்டு போய் நிறுத்தியிருந்தான். அப்போது பவுடர் டொக்கின் வேலையைப் பார்த்ததுகூட இல்லை. பேருந்தில் ஒருநாள் பேசிக்கொண்டு வந்தார்கள், அவ்வளவுதான் பழக்கம்.

முதலாளி நம் ஆள்தான். அவரும் இதே மாதிரி ஒரு பையோடு வந்து இறங்கியவர்தான். 'சார்' என்றால் கோபித்துக்கொள்வார். "அண்ணன்னு கூப்பிடு. இங்க நமக்கு யார் இருக்கா?" என்பார். அண்ணன் என்று கூப்பிட்டதால் ஞாயிற்றுக்கிழமைகளில் அண்ணன் வீட்டு வேலையும் தம்பிகள் தலையில் விழுந்தது. புல் வெட்டுவது, வேலி அடைப்பது, மாடி அறைக்கு வர்ணம் பூசுவது. அண்ணி தட்டில் சோறு போட்டுக் கொடுப்பாள். அதைப் பின்வாசல் படியில் உட்கார்ந்து சாப்பிடுவார்கள். சொந்தக்காரன் என்றால் உள்ளே கூப்பிட வேண்டும், வேலைக்காரன் என்றால் கூலி கொடுக்க வேண்டும். தம்பி என்றால் இரண்டும் வேண்டியதில்லை.

ஒருநாள் டீ குடிக்கிற நேரத்தில் அண்ணன் இருவரையும் எதிரே நிற்கவைத்தார்.

"விசாரிச்சுட்டேன்டா. நம்ம பட்டறை சைஸுக்கு ஒரு ஆளுக்குத்தான் ஸ்பான்சர் குடுக்க முடியுமாம். ஒரே ஒரு ஆளு."

இருவரும் டீயைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்கள்.

"நீங்க ரெண்டு பேரும் எனக்கு ரெண்டு கண்ணு. இப்ப எந்தக் கண்ணைக் குத்திக்கிறதுன்னு எனக்கே தெரியல." சொல்லிவிட்டுச் சிரித்தார். அவர் சிரித்தால் இவர்களும் சிரிக்க வேண்டும். சிரித்தார்கள்.

அன்றிலிருந்து அண்ணனுக்கு அது ஒரு பொழுதுபோக்காகிவிட்டது. டொக்கு காதில் விழும்படி, "பவுடர் வேலையைப் பாத்தா மூஞ்சி தெரியுதுடா, கண்ணாடி தோத்துச்சு" என்பார். மறுநாள் பவுடரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, "டொக்கு மாதிரி விடிஞ்சதும் பட்டறையைத் திறக்கிற பையன் எனக்குக் கிடைக்கமாட்டான்" என்பார். டொக்கு அதற்கப்புறம் இன்னும் சீக்கிரம் வந்தான். பவுடர் சாப்பாட்டு நேரத்திலும் உப்புத்தாளைக் கீழே வைக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை அண்ணியின் கார் கழுவ இரண்டு பேரும் சொல்லாமல் கொள்ளாமல் தனித்தனியாகப் போய் வாசலில் சந்தித்துக்கொண்டார்கள். கையில் ஆளுக்கொரு துணி. பவுடர்தான் முதலில் சிரித்தான்.

"நீ முன்னாடி கழுவு, நான் பின்னாடி கழுவறேன். ஸ்பான்சரையும் பாதி பாதியா குடுக்கச் சொல்லலாம்."

டொக்கும் சிரித்தான். ஆனால் முன்பக்கத்தை அவன் எடுத்துக்கொண்டான். அண்ணியின் ஜன்னல் அந்தப் பக்கம்தான் இருந்தது.

ஊரில் டொக்குக்காக அத்தை மகள் காத்திருந்தாள். சின்ன வயதிலேயே இவனுக்கு அவள் என்று பேசிவைத்தது. அவளுக்கும் இஷ்டம். ஆனால் அவள் அப்பா, இவனுடைய மாமா, போனில் சுற்றிவளைக்கத் தெரியாதவர்.

"மாப்பிள்ளே, விசா விஷயம் என்னாச்சு?"

"ஆயிடும் மாமா. அண்ணன் சொல்லியிருக்காரு."

"அண்ணன் சொல்றது இருக்கட்டும். ஆபீஸ்ல என்ன சொல்றாங்க? நீ திரும்பி வர்றதா இருந்தா இப்பவே சொல்லிடு. திரும்பி வந்த ஆளுக்குப் பொண்ணு குடுத்தேன்னு நாலு பேர் கேக்கிறதுக்கு நான் தயாரா இல்ல."

"மாமா..."

"கோச்சுக்காதே. உன் அத்தையும் இதைத்தான் சொல்றா. அவ உன்கிட்ட சொல்லமாட்டா, நான் சொல்லிட்டேன்."

இது ஒருபக்கம் இருக்க, பவுடருக்கு இருமல் வந்திருந்தது. முதலில் வேலை முடிகிற நேரத்தில் மட்டும் வந்தது. பிறகு மாடிப்படி ஏறினால் வந்தது. சிரித்தால் வந்தது. "இருமல் இல்லடா, எஞ்சின் ஸ்டார்ட் ஆகுது" என்று அவனே கேலி பண்ணிக்கொள்வான். பெயின்ட் அறையில் போட்டுக்கொள்கிற முகமூடியில் இரண்டு பக்கமும் ஃபில்டர் இருக்கும். அதை அடிக்கடி மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் மூக்கில் கைக்குட்டை கட்டிக்கொள்வதற்கும் அதற்கும் வித்தியாசமில்லை. அண்ணன் மாற்றித் தரவில்லை. கேட்டால், "ஆர்டர் போட்டிருக்கேன்டா" என்பார். ஆர்டர் எந்தக் கடலில் மிதந்துகொண்டிருந்ததோ.

ஒருநாள் பவுடர் பட்டறைக்கு வரவில்லை. டொக்கு சாப்பாட்டு நேரத்தில் ஷெட்டுக்குப் போய்ப் பார்த்தான். பவுடர் கட்டிலில் படுக்காமல், சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். கையில் மூச்சிழுக்கிற சின்ன மருந்துக் குழல்.

"டாக்டரைப் பாத்துட்டு வந்தேன். பெயின்ட் வாசனையே ஆகாதாம். விட்டுடுங்கறாரு."

"விட்டுடேன்."

"விட்டுட்டு? டொக்கு எடுக்கிற டிங்கர் வேலைக்கு நீ இருக்கே. பெயின்ட்டை விட்டா நான் இங்க யாருடா?" கொஞ்ச நேரம் மூச்சை வாங்கிக்கொண்டான். "ஸ்பான்சர் மட்டும் ஆயிடட்டும். அப்புறம் வேற ஏதாவது பட்டறையில, நல்ல காத்து வர்ற இடமா பாத்துப் போயிடுவேன். விசாவுக்கு மெடிக்கல் டெஸ்ட் ஒண்ணு இருக்கு, நெஞ்சைப் படம் எடுப்பாங்க, ஊதச் சொல்வாங்க. முந்தின நாள் வேலைக்குப் போகாம, இந்த மருந்தை ரெண்டு தடவை இழுத்துட்டுப் போனா ஊதிடலாம். ஊதிடுவேன்டா. நீ மட்டும் யார்கிட்டயும் சொல்லிடாதே."

"நான் ஏன்டா சொல்லப் போறேன்?"

சொல்லும்போது அவன் உண்மையாகத்தான் சொன்னான்.

அப்புறம் மாமாவின் போன் ஒன்று வந்தது. வேறொரு இடத்திலிருந்து அவளைப் பெண் கேட்டு வந்திருக்கிறார்களாம். பையன் விசாவோடு இருக்கிறவனாம். மாமா தகவலாகத்தான் சொன்னார், மிரட்டவில்லை. மிரட்டியிருந்தால் டொக்கு எதிர்த்துப் பேசியிருப்பான்.

மறுநாள் காலை பவுடர் உள்ளே ஒரு கதவுக்கு ப்ரைமர் அடித்துக்கொண்டிருந்தான். அண்ணன் ஆபீஸில் தனியாக இருந்தார். டொக்கு கையைத் துணியில் துடைத்துக்கொண்டு வாசற்படியில் போய் நின்றான். என்ன சொல்லப் போகிறோம் என்று ராத்திரி முழுக்க மனசுக்குள் உருட்டி உருட்டி, ஒரு கூர்கூட வெளியே தெரியாதபடி செய்து வைத்திருந்தான்.

"அண்ணே, பவுடருக்கு ரொம்ப முடியல அண்ணே. பாவமா இருக்கு. டாக்டர் பெயின்ட்டே ஆகாதுன்னுட்டாராம். நீங்க கொஞ்சம் பாத்துக்கோங்க."

அண்ணன் தலையைத் தூக்கி அவனைப் பார்த்தார். பிறகு, ரொம்ப நாள் எதிர்பார்த்த ஆள் கடைசியில் வந்து சேர்ந்த மாதிரி நாற்காலியில் சாய்ந்துகொண்டார்.

"எனக்குக் காது இல்லியாடா? அவன் இருமறது தெருமுனை வரைக்கும் கேக்குது. உங்க ரெண்டு பேர்ல யாரு முதல்ல வந்து சொல்றீங்கன்னுதான் பாத்துக்கிட்டு இருந்தேன்."

"நான் அவன் நல்லதுக்குத்தான் அண்ணே..."

"நல்லதுக்குத்தான். நான் இல்லேன்னா சொன்னேன்? ஸ்பான்சர் பண்ற ஆளு எனக்கு விசுவாசமா இருக்கணும். அது யாருன்னு இப்பத் தெரிஞ்சிடுச்சு, போ." டொக்கு திரும்பும்போது பின்னாலிருந்து இன்னொன்றும் சொன்னார். "அவனும்தான் வந்தான், போன வாரம்."

"என்ன சொன்னான் அண்ணே?"

"அதெல்லாம் எதுக்கு உனக்கு? வேலையைப் பாரு."

டொக்குக்கு அந்த ஒரு வார்த்தை போதுமானதாக இருந்தது. அவனும் வந்தான். அதாவது அவனும் போட்டுக்கொடுத்திருக்கிறான். என்னவென்று? விடிகாலையில் வந்து வண்டிக்குள் தூங்குகிறேன் என்றா? நெளிந்த பம்பரை இரண்டு தடவை கெடுத்தேன் என்றா? என்னவாக இருந்தால் என்ன. சுத்தியலை எடுத்தபோது கை லேசாக இருந்தது. பவுடர்மேல் வந்த கோபம், பசித்தவனுக்குச் சோறு மாதிரி அவனுக்கு இறங்கியது.

அந்த வாரமே அண்ணன் பவுடரிடம் சொல்லிவிட்டார். அதையும் டீ நேரத்தில், டொக்கை வைத்துக்கொண்டே சொன்னார்.

"உடம்புதான்டா முக்கியம். மெடிக்கல்ல நீ மாட்டிக்கிட்டா என் பட்டறை பேரும் சேர்ந்து கெடும். ஊருக்குப் போ, நல்ல காத்தா வாங்கு. விசா முடிய இன்னும் கொஞ்ச நாள் இருக்கில்ல? புதுசா ஆர்டர் வந்திருக்கிற டெலிவரி வேன் எல்லாத்துக்கும் பெயின்ட் அடிச்சுக் குடுத்துட்டுப் போ. அப்படியே இவனுக்கும் சொல்லிக் குடு. ஸ்பான்சர் பெயின்டர் போஸ்ட்டுக்குத்தான் போடப்போறேன். டிங்கர் எங்க வேணும்னாலும் கிடைப்பான்."

பவுடர் "சரிண்ணே" என்றான். கோப்பையைக் கழுவி வைத்துவிட்டு உள்ளே போனான்.

வேன்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. எல்லாம் வெள்ளை. பவுடர் அந்தத் தகர அறைக்குள் டொக்கைப் பக்கத்தில் நிற்கவைத்துச் சொல்லிக்கொடுத்தான். கையை எங்கேயும் நிறுத்தாதே, நின்றால் வழியும். அவசரப்பட்டு ஓடாதே, ஓடினால் திட்டுத் திட்டாகத் தெரியும். ஒரு பூச்சின் பாதிமேல் அடுத்த பூச்சு ஏற வேண்டும். இதையெல்லாம் ஒரு மூச்சில் சொல்ல அவனால் முடியவில்லை. பாதியில் நிறுத்தி, வெளியே போய் டயர் கடைச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்று, திரும்ப வந்து விட்ட இடத்திலிருந்து சொன்னான். முகமூடி ஒன்றுதான் இருந்தது. பெயின்ட் பீச்சுகிற துப்பாக்கியை டொக்கு பிடிக்கும்போது அதைக் கழற்றி இவனுக்கு மாட்டிவிட்டு, தான் மூக்கில் சட்டையை இழுத்து வைத்துக்கொண்டான்.

கடைசி வேனுக்குப் பெயின்ட் காய்ந்த மறுநாள் அவன் கிளம்பினான். அண்ணனுக்கு அன்று வேறு வேலை இருந்தது. பஸ் ஏற்றிவிட டொக்குதான் கூட வந்தான். பெரிய பையை இவன் தூக்கிக்கொண்டான். பவுடர் சின்னப் பையோடு வந்தும் இரண்டு தடவை நின்றான். காலை வெயில் சுள்ளென்று இருந்தது. வேலைக்குப் போகிறவர்கள் இவர்களைச் சுற்றிக்கொண்டு போனார்கள்.

"யாரையும் குத்தம் சொல்ல முடியாதுடா" என்றான் பவுடர். "என் இருமல்தான் என்னைக் காட்டிக் குடுத்துடுச்சு. அதுவரைக்கும் பரவாயில்ல, உனக்காவது கிடைச்சுதே. வெளியாளுக்குப் போகாம உனக்குக் கிடைச்சது எனக்குக் கிடைச்ச மாதிரிதான். கல்யாணத்தை மட்டும் தள்ளிப் போடாதே."

இந்த நல்ல வார்த்தைகளை டொக்கால் தாங்க முடியவில்லை. திட்டியிருந்தால் வாங்கிக்கொண்டிருப்பான். பொங்கிக்கொண்டு வந்துவிட்டது.

"போதும்டா. ரொம்ப நல்லவன் மாதிரி பேசாதே. நீயும்தானே அண்ணன்கிட்ட போய் என்னைப் பத்திச் சொன்னே?"

பவுடர் நின்றான்.

"நான் என்ன சொன்னேன்?"

"போன மாசம். ஆபீஸுக்குப் போனியே. அண்ணனே சொன்னாரு, அவனும் வந்தான்னு."

"ஃபில்டர் கேக்கப் போனேன்டா. மாத்தித் தராட்டி அடிக்கமாட்டேன்னு சொல்லப் போனேன். சொல்ல தைரியம் வரல, கேட்டுட்டு வந்துட்டேன்." பிறகு அவன் முகம் மெல்ல மாறியது. "நீயும்னா? நீயும்னா என்னடா அர்த்தம்?"

டொக்கு வாயைத் திறந்தான். வாயைத் திறந்துகொண்டு நின்றதே பதிலாகிவிட்டது.

பவுடர் அவனை அடிக்கவில்லை. கத்தவும் இல்லை, கத்துவதற்கு மூச்சு இல்லை.

"பையைக் கீழே வை."

"பஸ் வரைக்கும் நான்..."

"கீழே வைடா."

வைத்தான். பவுடர் சின்னப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, பெரிய பையின் பிடியை இரண்டு கையாலும் பற்றித் தரையோடு இழுத்துக்கொண்டு போனான். நாலு எட்டு இழுப்பான், நிற்பான், முதுகு ஏறி இறங்கும், மறுபடி இழுப்பான். நிறுத்தம் கண்ணுக்கெட்டிய தூரத்தில்தான் இருந்தது. அதற்குள் ஒரு பஸ் வந்து, நின்று, போயும் விட்டது. டொக்கு இருந்த இடத்திலேயே நின்று அடுத்த பஸ் வரும்வரை பார்த்தான். பவுடர் திரும்பிப் பார்க்கவில்லை. பஸ்ஸில் ஏறும்போது முன்பின் தெரியாத ஒருவர் அந்தப் பையைத் தூக்கிக் கொடுத்தார்.

டொக்குக்கு ஸ்பான்சர் ஆயிற்று. மெடிக்கலில் நெஞ்சு சுத்தமாக இருக்கிறது என்றார்கள். பெயின்ட் அறைக்குள் தனியாக நுழைந்த முதல் வாரத்திலேயே பஸ் நிறுத்தத்துக்கு எதிரே இருந்த கடைக்குப் போய் முகமூடிக்குப் புது ஃபில்டர் வாங்கிக்கொண்டான். அண்ணனிடம் கேட்கவில்லை. ஒரு வேளைச் சாப்பாட்டின் விலைதான். அப்புறம் தவறாமல் வாங்கினான். அவனுக்கு ஒரு தும்மல்கூட வரவில்லை.

கல்யாணம் நடந்தது. மாமா மாப்பிள்ளையின் தோளில் கைபோட்டுப் படம் எடுத்துக்கொண்டார். அத்தை மகள் வந்து அதே ஷெட்டில் குடியேறினாள். இரண்டு கட்டிலையும் ஒட்டிப் போட்டார்கள். ஸ்பான்சர் என்பது என்னவென்று அவள் வந்தபின்தான் அவனுக்கே முழுதாகப் புரிந்தது. அண்ணன் கையை எடுத்தால் விசா விழுந்துவிடும். ஆகவே ஞாயிற்றுக்கிழமை இல்லை, காய்ச்சல் இல்லை, வேறு பட்டறையில் கூப்பிட்டாலும் காதில் விழக்கூடாது. அவளும் அண்ணி வீட்டுக்குத் துணி மடிக்கப் போனாள். அவளுக்கும் பின்வாசல் படியில்தான் தட்டு. சில வருஷம் இப்படி இருந்தால் நிரந்தரமாக இருக்க விண்ணப்பிக்கலாம், அதற்கும் அண்ணன்தான் கையெழுத்துப் போட வேண்டும். "போடறேன்டா, எங்க ஓடிடப் போறேன்?" என்பார் அண்ணன். ஓட முடியாதது யார் என்று இருவருக்கும் தெரியும்.

அந்தக் கையெழுத்துக்காகக் காத்திருந்த நாட்களில்தான் பவுடரின் அக்கா போன் பண்ணினாள். பவுடருக்கு அப்பா அம்மா இல்லை, அக்கா வீட்டில்தான் இருந்தான். அவள் குரலைக் கேட்டதும் திட்டத்தான் போகிறாள் என்று டொக்கு நினைத்தான். ஆனால் அவள் திட்டுவதற்குக் கூப்பிடவில்லை.

"தம்பி, நல்லா இருக்கீங்களா? உங்களைப் பத்தி எவ்வளவு சொல்லியிருக்கான் அங்க இருந்தப்போ! இங்க வந்து யார்கிட்டயும் அவ்வளவா பேசறதில்ல. படுத்தா மூச்சு முட்டுதுன்னு உக்காந்துக்கிட்டேதான் தூங்கறான். வேலைக்குப் போக முடியல. தம்பி, அங்க வேலை பாத்து நோய் வந்திருந்தா அந்த நாட்டுலயே உதவி பண்ணுவாங்களாமே? அவன் பெயின்ட் அறையில வேலை பாத்தான், சரியான முகமூடி இல்லேன்னு முதலாளி சொல்லணுமாம். இல்லாட்டி கூட வேலை பாத்தவங்க யாராவது சொன்னாலும் செல்லுமாம். நீங்க உங்க முதலாளிகிட்ட கொஞ்சம் கேட்டுப் பாருங்களேன். உங்களை விட்டா எங்களுக்கு அங்க யார் இருக்கா?"

போன் ஸ்பீக்கரில் இருந்தது. பக்கத்தில் மனைவி காய் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"கேக்கறேங்க்கா. கண்டிப்பா கேக்கறேன்" என்றான் டொக்கு.

பவுடர் அக்காவிடம்கூட ஒன்றும் சொல்லவில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. அது அவனுக்கு நிம்மதியாக இருந்தது. நிம்மதியாக இருந்ததே என்று அப்புறம் கொஞ்சம் கூசியது. கூச்சம் அன்று சாயங்காலத்துக்குள் போய்விட்டது.

அண்ணனிடம் அவன் கேட்கவில்லை. இரண்டு வாரம் கழித்து அவள் மறுபடியும் கூப்பிட்டாள்.

"கேட்டேங்க்கா. எவ்வளவோ கெஞ்சிப் பாத்தேன். முடியவே முடியாதுன்னுட்டாரு. என்னையே வேலையை விட்டு அனுப்பிடுவேன்னு சத்தம் போட்டாரு."

"ஐயோ, உங்களுக்கு ஒண்ணும் ஆகலியே தம்பி?" அவள் பதறிவிட்டாள். "எங்களுக்காக உங்க பொழைப்பைக் கெடுத்துக்காதீங்க. முயற்சி பண்ணீங்களே, அதுவே பெருசு. உங்க நல்ல மனசுக்கு நீங்க நல்லா இருப்பீங்க."

போனை வைத்தபின், அன்றும் காய் நறுக்கிக்கொண்டிருந்த மனைவி கத்தியைக் கீழே வைத்தாள்.

"நீங்க கேக்கவே இல்லையே."

"கையெழுத்து போடற நேரத்துல போய் எப்படிக் கேக்கிறது? நம்ம ரெண்டு பேரையும் தூக்கி வெளிய போட்டுடுவாரு. உனக்கு ஒண்ணும் தெரியாது."

அவள் திரும்பவும் கத்தியை எடுத்துக்கொண்டாள். பயத்தில் செய்கிறான் என்று நினைத்துக்கொண்டாள். பயந்தவனோடு குடித்தனம் பண்ணிவிடலாம் என்றும் நினைத்திருப்பாள்.

அண்ணன் கையெழுத்துப் போட்டார். அண்ணி வீட்டுக் குளியலறைக்கு ஓடு பதித்து முடித்தபிறகுதான் போட்டார், ஆனால் போட்டார். ஒருநாள் மத்தியானம் நிரந்தர விசா வந்துவிட்டது. இனி அண்ணன் இல்லை, ஸ்பான்சர் இல்லை, யார் தயவும் இல்லை. டொக்கு பட்டறையிலிருந்து நேராக வீட்டுக்கு ஓடிவந்து அவளைத் தூக்கிச் சுற்றினான். கூரை அவள் தலையில் இடித்தது. இரண்டு பேரும் சிரித்தார்கள்.

சிரித்து ஓய்ந்ததும் அவள் கேட்டாள். "இப்ப அந்த அக்காவுக்கு போன் பண்ணலாமே?"

"எதுக்கு?"

"கூட வேலை பாத்தவங்க சொன்னாலும் செல்லும்னு சொன்னாங்களே. நீங்கதான் கூட வேலை பாத்தீங்க. இப்ப உங்களை யாரும் வெளிய போட முடியாது."

அவன் சட்டையை மாற்றுகிற சாக்கில் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டான். "பழசைக் கிளறி இப்ப என்ன ஆகப் போகுது? விசாரணை கிசாரணைன்னு கூப்பிடுவாங்க. யார் என்ன சொன்னாங்கன்னு எல்லாம் கேப்பாங்க."

"கேட்டா சொல்லுங்க."

"விடு."

அவள் விடவில்லை. அவன் போனை எடுத்து, எண்ணைத் தேடி அழுத்தி, ஸ்பீக்கரைப் போட்டுக் கட்டிலின்மேல் வைத்துவிட்டுத் தள்ளி நின்றாள். இரண்டு மணி அடிப்பதற்குள் எடுத்துவிட்டார்கள்.

"தம்பியா? சொல்லுங்க தம்பி!"

டொக்கு மனைவியைப் பார்த்தான். அவள் கண்ணை எடுக்கவில்லை.

"அக்கா..." என்றான். "ஒண்ணுமில்லக்கா. எனக்கு நிரந்தர விசா வந்துடுச்சு. அதைச் சொல்லத்தான் பண்ணேன்."

"அப்படியா! கடவுள் கண்ணைத் திறந்துட்டாரு!" அவள் போனை எடுத்துக்கொண்டு நடக்கிற சத்தம் கேட்டது. "டேய், உன் ஃபிரண்டுக்கு விசா கிடைச்சிடுச்சாம்டா! நிரந்தரமா! இந்தா, பேசு."

அந்தப் பக்கம் போன் கை மாறியது. பிறகு இருமல் தொடங்கியது. தொடங்கியது நிற்கவில்லை. ஒன்று முடிவதற்குள் அடுத்தது வந்தது. நடுவில் ஒரு சொல் வரப்பார்த்த மாதிரி இருந்தது, அதையும் இருமல் இழுத்துக்கொண்டு போயிற்று. ஷெட்டுக்குள் அந்தச் சத்தம் நிறைந்தது. டொக்கு அணைக்கக் கையை நீட்டி, அணைக்காமல் இழுத்துக்கொண்டான்.

"சந்தோஷத்துல அவனுக்குப் பேச்சே வரல தம்பி" என்றாள் அக்கா. "அப்புறமா பேசச் சொல்றேன். நீங்க நல்லா இருங்க."

போன் தானாக அணைந்தது. மனைவி குனிந்து அதை எடுத்து அவன் கையில் கொடுத்தாள். அன்று சாயங்காலம் அவள் இரண்டு கட்டிலுக்கும் நடுவில் கையை விட்டு, தன்னுடையதைச் சுவரோரமாகத் தள்ளிப் போட்டாள்.